செவிலியர் பற்றாக்குறையும் வேலை கேட்டு நிற்கும் செவிலியரும்: தமிழ்நாட்டுக் கணக்கு எங்கே இடிக்கிறது?

அரசு மருத்துவமனையில் செவிலியர் போதவில்லை என்று ஒரு செய்தி. அதே பக்கத்தில், பணிநிரந்தரம் கேட்டு ஒப்பந்த செவிலியர்கள் போராட்டம் என்று இன்னொரு செய்தி. ஆள் பற்றாக்குறை என்றால் இருக்கிற ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தானே வேண்டும், ஏன் அவர்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். இரண்டு செய்தியும் உண்மை. தமிழ்நாட்டில் படித்த செவிலியருக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் பணியிடத்துக்கு, அதிலும் நம்பி இருக்கக்கூடிய பணியிடத்துக்கு. இது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில், செவிலியர் என்றால் யார்?

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டோ சீருடையோ போட்ட எல்லாரையும் நாம் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிடுகிறோம். ஆனால் படிப்பும் பொறுப்பும் வேறு வேறு.

1. ஏ.என்.எம். என்பது இரண்டு வருடப் படிப்பு. கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் இவர்கள் பக்கம்.
2. ஜி.என்.எம். என்பது மூன்று வருட டிப்ளமோ. வார்டில் வேலை பார்க்கிற செவிலியர்களில் நிறையப் பேர் இந்தப் படிப்பு.
3. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் பட்டப்படிப்பு. அதற்கு மேல் எம்.எஸ்சி. உண்டு.

இதில் எதைப் படித்திருந்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் சட்டப்படி செவிலியர். தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு அடித்தளம் 1926-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம், அகில இந்திய அளவில் 1947-ன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். தனியார் மருத்துவமனைகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஏதோ சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டு உதவியாளராக இருப்பவர்களும் ஊசி போடுகிறார்கள், சலைன் ஏற்றுகிறார்கள். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் "எங்களிடம் இத்தனை நர்ஸ் இருக்கிறார்கள்" என்று ஒரு தனியார் நிர்வாகம் சொல்லும்போது, அதில் பதிவு பெற்றவர் எத்தனை பேர் என்பது முக்கியமான கேள்வி.

## மூன்று எண்கள், மூன்றும் வேறு

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. செய்தியில் வரும் "செவிலியர் எண்ணிக்கை" கீழ்க்கண்ட மூன்றில் ஏதோ ஒன்று, எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

பதிவு எண்ணிக்கை. கவுன்சிலின் பேரேட்டில் உள்ள பெயர்கள். 2022 கணக்குப்படி இந்தியா முழுக்க 33.41 லட்சம் பேர், ஆயிரம் பேருக்கு 1.96 செவிலியர் என்று மத்திய அரசு சொன்னது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். இதில் குவைத்தில் இருப்பவர், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர் எல்லாரும் உண்டு. இதைச் சரிசெய்யத்தான் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லி, தேசிய அளவில் ஒரு நேரடிப் பதிவேட்டைக் கவுன்சில் கொண்டுவந்தது.

அனுமதிக்கப்பட்ட பணியிடம். இந்த மருத்துவமனைக்கு இத்தனை செவிலியர் என்று அரசாணை போட்டு, நிதித்துறை ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. "காலிப்பணியிடம்" என்று சொல்வது இந்த எண்ணிலிருந்து பணியில் இருப்பவர்களைக் கழித்தால் வருவது. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பணியிடத்தையே குறைவாக உருவாக்கியிருந்தால், காலியிடமே இல்லை என்று அரசு உண்மையாகவே சொல்ல முடியும், வார்டில் ஆளே இல்லாமலும் இருக்க முடியும். படுக்கை 300 ஆக இருந்தபோது போட்ட அரசாணை, படுக்கை 600 ஆன பிறகும் மாறாமல் கிடந்தால், காகிதத்தில் எல்லாம் நிரம்பித்தான் இருக்கும்.

இந்த ஷிப்டில் டூட்டியில் இருப்பவர். நோயாளிக்குத் தேவையான எண் இது மட்டும்தான். ராத்திரி 2 மணிக்கு மூச்சு இழுக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்க ஆள் உண்டா இல்லையா என்பது. இந்த எண் செய்தியில் அனேகமாக வருவதே இல்லை.

## ஒரு நாற்காலிக்கு நாலேகால் பேர்

இந்தக் கணக்கு ஒருதரம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

வார்டில் ஒரே ஒரு செவிலியர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 24 × 365 = 8,760 மணி நேரம். ஒருவர் எத்தனை மணி நேரம் வேலை பார்க்க முடியும்? 365 நாளில் வார ஓய்வு 52 போகும். தற்செயல் விடுப்பு 12. ஈட்டிய விடுப்பு 30. மிச்சம் 271. பண்டிகை விடுமுறைக்கு ஈடான ஓய்வு, இரவுப் பணி முடிந்து வரும் ஓய்வு நாட்கள், காய்ச்சல் தலைவலி எல்லாவற்றுக்கும் ஒரு 11 நாள் மட்டும் கழித்தால்கூட 260 நாள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 2,080 மணி நேரம். 8,760-ஐ 2,080-ஆல் வகுத்தால் 4.2.

அதாவது, ஒரு இடத்தில் எப்போதும் ஒருவர் இருக்க, சம்பளப் பட்டியலில் நாலேகால் பேர் வேண்டும். மூன்று ஷிப்ட், ஆகவே மூன்று பேர் என்று போடுகிற மனக்கணக்கு தவறு. அந்த மூன்று பேர் ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் இருந்தால்தான் அது சரிவரும்.

இப்போது அடுத்த படி. 36 படுக்கை கொண்ட பொது வார்டு, 6 நோயாளிக்கு 1 செவிலியர் என்று ஒரு விதி. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

1. ஒவ்வொரு ஷிப்டிலும் 6-க்கு 1 என்றால், ஷிப்டுக்கு 6 பேர். 4.2-ஆல் பெருக்கினால் அந்த ஒரு வார்டுக்கு மட்டும் 25 செவிலியர்.
2. மொத்தமாகவே 6-க்கு 1 என்றால், வார்டுக்கு 6 பேர். 4.2-ஆல் வகுத்தால் எந்த நேரத்திலும் சராசரியாக 1.4 பேர். காலையில் இரண்டு பேரைப் போட்டால் மாலையிலும் ராத்திரியிலும் 36 நோயாளிக்கு ஒருவர்தான்.

விதி ஒன்று, வாக்கியம் ஒன்று, ஆனால் 25 எங்கே, 6 எங்கே! "விதிமுறைப்படி செவிலியர் இருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டில் எந்த அர்த்தத்தில் என்று கேட்க வேண்டியது இதனால்தான். மத்திய அரசின் எஸ்.ஐ.யூ. (பணியாளர் ஆய்வுப் பிரிவு) விதிமுறை 1991-92-ல் வந்தது. பொது வார்டில் 6 படுக்கைக்கு 1, தீவிர சிகிச்சையில் 1-க்கு 1, அப்புறம் வார ஓய்வு, விடுப்பு எல்லாவற்றையும் ஈடுகட்ட அதன்மேல் 45 சதவீதம் கூடுதல் பணியிடம் என்றது அது. அந்தக் கூடுதலைத்தான் பட்ஜெட் பார்க்கிறவர்கள் முதலில் வெட்டுகிறார்கள். பார்க்க உபரி மாதிரி தெரிவதால் வரும் வினை. உண்மையில் அது உபரி இல்லை, விடுப்பு எடுத்தவரின் இடத்தில் நிற்கிற ஆள்.

இதே கணக்கை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று ஒரு ஏற்பாடு வந்தது. நல்ல திட்டம்தான், பலன் கொடுத்த திட்டம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டின் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம், அதில் இந்தச் செவிலியர்களுக்குப் பெரிய பங்கு. ஆனால் மூன்று பேரை வைத்து 24 மணி நேரம் ஓட்டுவதென்றால், ஒருவர் லீவு போட்ட நாளில் மற்ற இருவரும் ஆளுக்கு 12 மணி நேரம் பார்க்க வேண்டும். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மாதக்கணக்கில் அதே கதை. ரிலீவர் வரும் வரை வார்டை விட்டு நகர முடியாது என்பது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம், ஆகவே கணக்கில் விழும் ஓட்டையை யாரோ ஒரு பெண் தன் தூக்கத்தால் அடைக்கிறார்.

## வேலை ஒன்று, வேலைவாய்ப்பு நாலு விதம்

ஒரே வார்டில், ஒரே மாதிரி மருந்து கொடுத்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நான்கு செவிலியர்களின் நிலை நான்கு விதமாக இருக்கலாம்.

- காலமுறை ஊதியத்தில் இருப்பவர். அதாவது நிரந்தரப் பணி. ஊதிய உயர்வு, அகவிலைப்படி, பதவி உயர்வு, தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு எல்லாம் உண்டு.
- எம்.ஆர்.பி. ஒப்பந்தத்தில் இருப்பவர். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வு எழுதி வந்தவர், ஆனால் தொகுப்பூதியம். தொகுப்பூதியம் என்றால் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு மொத்தத் தொகை, அதில் படியும் இல்லை, வருடாந்திர உயர்வும் இல்லை.
- தேசிய சுகாதாரத் திட்டத்தில் இருப்பவர். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக எடுக்கப்பட்டவர். பணம் மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்று பங்கிட்டுத் தரும் திட்டப்பணம், ஆகவே ஒப்பந்தமும் திட்டத்தோடு புதுப்பிக்கப்படும்.
- தற்காலிகமாக ஒரு தேவைக்கு எடுக்கப்பட்டவர். கொரோனா காலத்தில் வந்தவர்கள் இந்த வகை.

அரசு ஏன் இப்படிச் செய்கிறது? காரணம் பணம்தான், ஆனால் அதை வெறும் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு நிரந்தரப் பணியிடம் என்றால் 30 வருடத்துக்கு மேல் சம்பளம், ஒவ்வொரு அகவிலைப்படி அறிவிப்புக்கும் கூடும் செலவு, ஓய்வுக்காலப் பொறுப்பு. நிதித்துறை அதைத் தலைமுறைச் செலவாகப் பார்க்கிறது. தொகுப்பூதியம் அந்த ஆண்டுக் கணக்கோடு முடிந்துபோகும். பிரச்சினை என்னவென்றால் நோய் அந்த ஆண்டோடு முடிவதில்லை. வருடம் முழுக்க, எல்லா வருடமும் நடக்கும் வேலைக்குத் தற்காலிக ஆள் என்ற ஏற்பாடு, செலவை மிச்சம் பிடிப்பதில்லை, அதை அரசின் கணக்கிலிருந்து எடுத்து செவிலியர் வீட்டின் கணக்கில் எழுதுகிறது என்பதே என் கருத்து.

## 2012-லிருந்து நடந்தது என்ன

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012-ல் அமைந்தது. 2015-ல் அது 7,200-க்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டு, போட்டித் தேர்வு நடத்தியது. தேர்வானவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடம் முடிந்தால் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தார்கள். ஆனால் மாற்றம் நடக்க நிரந்தரப் பணியிடம் காலியாக வேண்டும். யாராவது ஓய்வு பெற வேண்டும், பதவி உயர்வில் போக வேண்டும், இல்லையென்றால் புதுப் பணியிடம் உருவாக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்க, காலியிடம் சொட்டுச் சொட்டாக வந்தது.

2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் உட்கார்ந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆனது, 2022-ல் 18,000 ஆக உயர்த்தப்பட்டது. நிரந்தரமாகச் சேரும் செவிலியரின் தொடக்கச் சம்பளம் படிகளோடு சேர்த்தால் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இடையில் கொரோனா. 2020-ல் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் சுமார் 2,400 பேரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு நீட்டிக்கப்படவில்லை. அவசரத்தில் எடுத்தபோது இட ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படவில்லை என்பது அரசு தரப்பின் விளக்கம். மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டங்களில் 18,000 ரூபாய்க்கு மாற்று வேலை தருவதாகவும் சொன்னார்கள். முழுக்கவச உடைக்குள் மணிக்கணக்கில் வேர்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு, மறுபடி அடுத்த ஒப்பந்தம் என்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

## சட்டம் என்ன சொல்கிறது

இங்கே இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இரு தரப்பும் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டும்.

1. 2006-ன் உமாதேவி தீர்ப்பு. முறையான தேர்வு இல்லாமல் பின்வாசலில் வந்தவர்கள், பல வருடம் வேலை பார்த்தோம் என்பதற்காக மட்டும் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்றது. அரசுகள் இதைக் கேடயமாகப் பிடிக்கின்றன.
2. 2016-ன் ஜக்ஜித் சிங் தீர்ப்பு. தற்காலிகமாக இருந்தாலும், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்தால் அந்தப் பதவியின் ஆரம்ப நிலை ஊதியம் தர வேண்டும் என்றது. இது ஊழியர்கள் கையில் உள்ளது.

எம்.ஆர்.பி. செவிலியரின் வாதம் வலுவாக இருப்பது எங்கே என்றால், அவர்கள் பின்வாசலில் வரவில்லை. பொது அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, தரவரிசை என்று முன்வாசலிலேயே வந்தவர்கள். உமாதேவி தீர்ப்பை அப்படியே அவர்கள் மேல் வைப்பது பொருந்தாது. கொரோனாவில் வந்தவர்களின் நிலை சட்டப்படி இதைவிடச் சிக்கலானது, இரண்டு குழுவையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் விவாதம் கலங்கிப்போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆயிரம் பேர் பணிநிரந்தரம் என்று அறிவிப்பு வந்தால் வார்டுக்கு ஆயிரம் பேர் புதிதாக வருகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஏற்கனவே நிற்கிற ஆயிரம் பேரின் சம்பளமும் நிலையும் மாறுகிறது, அவ்வளவுதான். அது நடக்க வேண்டிய நியாயம். ஆனால் 36 நோயாளிக்கு ஒருவர் என்பது மாற, அவர்கள் காலி செய்த ஒப்பந்த இடத்தில் புது ஆள் வர வேண்டும், இல்லையென்றால் புதுப் பணியிடம் வர வேண்டும்.

## தனியார் மருத்துவமனை, அப்புறம் விமானம்

அரசில் இடம் கிடைக்காதவர்கள் தனியாருக்குப் போகிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் ஓரளவு ஒழுங்கு உண்டு, சின்ன இடங்களில் 12 மணி நேர டூட்டி சாதாரணம். சேரும்போது அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டு என்று பாண்ட் எழுதி வாங்குவது போன்ற புகார்கள் பழசு, பாண்ட் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியிருந்தும் பேச்சு ஓயவில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒரு முக்கியமான பரிந்துரை உண்டு, பலருக்குத் தெரியாது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, மத்திய அரசு ஜகதீஷ் பிரசாத் தலைமையில் அமைத்த குழு சொன்னது இது:

- 200 படுக்கைக்கு மேல்: மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம்
- 100 முதல் 200 படுக்கை: அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது
- 50 முதல் 100 படுக்கை: 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது
- 50 படுக்கைக்குக் கீழ்: எப்படிப் பார்த்தாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது

ஆனால் அது பரிந்துரை. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்கள் சட்டமாகவோ குறைந்தபட்சக் கூலி அறிவிப்பாகவோ கொண்டுவந்தால்தான் பல் முளைக்கும். கேரளாவில் செவிலியர் சங்கம் வருடக்கணக்கில் போராடி 2018-ல் குறைந்தபட்சம் 20,000 என்று அரசிதழில் வர வைத்தது. தமிழ்நாட்டிலோ அரசே தன் ஒப்பந்த செவிலியருக்கு 18,000 கொடுத்துக்கொண்டு, 30 படுக்கை நடத்துகிறவரிடம் 20,000 கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? அரசின் தொகுப்பூதியம், சொல்லாமலே, மொத்தச் சந்தைக்கும் விலை வைத்துவிடுகிறது.

அதனால்தான் தனியார் மருத்துவமனை பலருக்கு இடைத்தங்கல் இடம் ஆகிவிட்டது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பல இடங்களில் ஒன்றிரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதைச் சேர்த்துக்கொண்டு, மொழித் தேர்வு எழுதிவிட்டு, கிளம்பிவிடுகிறார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே 1978-லிருந்து இருக்கிறது, செவிலியர்களையும் அனுப்புகிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படிப்புக் கடன் இருக்கிறது, தங்கை கல்யாணம் இருக்கிறது. விளைவு மட்டும் தெளிவு: வெண்டிலேட்டரைக் கையாளக் கற்றுத் தேறிய நேரத்தில் அந்தக் கை போய்விடுகிறது, மறுபடி புதிதாக வந்தவரோடு தீவிர சிகிச்சைப் பிரிவு தொடங்குகிறது.

## படுக்கையில் இருப்பவருக்கு இதனால் என்ன?

உயிர் விஷயம் என்று நேரடியாகச் சொல்லலாம். லிண்டா எய்க்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியருக்குக் கூடும் ஒவ்வொரு நோயாளிக்கும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. காரணம் மர்மமில்லை. ரத்த அழுத்தம் இறங்க ஆரம்பிப்பதை, சிறுநீர் குறைவதை, பேச்சு குழறுவதை முதலில் பார்க்கும் கண் செவிலியருடையது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டுப் போய்விடுவார். நாலு பேரைப் பார்க்கிறவர் கண்ணில் படுவது, நாற்பது பேரைப் பார்க்கிறவர் கண்ணில் படாது. கலிஃபோர்னியா 2004-லிருந்து செவிலியர்–நோயாளி விகிதத்தைச் சட்டமாகவே அமல்படுத்துகிறது, மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகளில் இப்போது 5 நோயாளிக்கு 1. நம்மிடம் இருப்பது வழிகாட்டு விதிமுறைகள் மட்டும், மீறினால் கேட்க ஆளில்லை.

செவிலியரின் உடம்புக்கும் விலை உண்டு. இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே சேர்த்தது, 2019-ல் மறுபடி பார்த்துவிட்டும் அதையே உறுதி செய்தது. இரவுப் பணியே இல்லாமல் மருத்துவமனை நடக்காது, சரி. ஆனால் ஆறு பேர் பங்கு போட வேண்டிய இரவுகளை மூன்று பேர் சுமப்பது தவிர்க்கக்கூடியது.

சட்டமாக விகிதம் வரும் வரை, செலவே இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஒரு பெரிய மருத்துவமனை அலட்சியத்தைப் பற்றிய விசாரணைக்குப் பிறகு, 2014-லிருந்து வார்டு வாசலில் ஒரு பலகை வைக்கிறார்கள்: இந்த ஷிப்டுக்கு எத்தனை செவிலியர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள். நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டிலும் தனியார் ஐ.சி.யூ. வாசலிலும் இதே இரண்டு எண்ணை ஷிப்டுக்கு ஒருமுறை எழுதி வைக்கட்டும். காலிப்பணியிடம் இருக்கிறதா இல்லையா என்று சட்டமன்றத்தில் சண்டை போடும் இரு தரப்பும் அந்தப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு வந்து பேசலாம்.